சனிக்கிழமை வாசம்

கோசலைக்கு அறுபது தாண்டிய பிறகுதான் பியர் நாக்கில் பட்டது. மூக்குக்கு மட்டும் அது பழைய சிநேகிதம். கலியாணம் கட்டிப் பாரிசுக்கு வந்த காலத்திலிருந்து, சனிக்கிழமைப் பிற்பகல்களில் அந்த வாசம் ரூ பெர்தொனே தெரு வீட்டின் மரப்படிகளில் ஏறி வரும். அதற்குப் பின்னால் குணரத்தினம் வருவார். கையில் பார்பெஸ் சந்தையில் வாங்கிய கத்தரிக்காய், வெண்டிக்காய், மல்லியிலை. வாயில் கராம்பு. வாசத்தைக் கராம்பு மூடிவிட்டது என்று அந்த மனிதர் கடைசிவரை நம்பினார். பாவம், மூக்குள்ள ஒருத்தியைக் கட்டிக்கொண்டவர்.

கோசலை கதவைத் திறந்ததும் பையை வாங்கமாட்டாள். முதலில் ஜாக்கெட்டைத்தான் வாங்குவாள். "கழட்டித் தாங்கோ, கொழுவிவிடுறன்" என்பாள். வாசல் நடையின் இருட்டில், ஆணியில் கொழுவுவதற்கு முன், அதை ஒருதரம் முகத்தோடு சேர்த்துப் பிடிப்பாள். பேக்கரியில் சுட்ட பாணின் வாசம். அதற்குள் விறகுப் புகை. எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ ஒரு இனிப்பு. பிறகு ஒன்றும் அறியாதவள் போல் போய்த் தேத்தண்ணி போடுவாள். இதை அவள் கோயிலில் நின்றுகூடச் சொன்னதில்லை.

இந்த நாடகம் தொடங்கியதற்குக் காரணம் அவளுடைய வாய்தான். வந்த புதிதில், ஒருநாள் பேச்சோடு பேச்சாக, தன் அப்பாவின் குடியால் வீட்டில் உடையாத சட்டி பானை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள், முடிவில், "குடிச்சுப்போட்டு வாற மனிசனோடை ஒரு வீட்டுக்குள்ளை இருக்க என்னாலை ஏலாது" என்று போட்டுவிட்டாள். குணரத்தினம் "ஓம்" என்றார். அவர் ஓம் என்றால் ஓம்தான். கலியாண வீடுகளில் விஸ்கி ஊற்றிக்கொண்டு வருகிறவர்களிடம், "நான் ஜேர்மனியிலை இருந்து வந்தவன், இதெல்லாம் எனக்குச் சரிவராது" என்று சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். பாரிசின் தமிழர் பகுதியான லா ஷப்பேலில் அவருக்குக் குடிக்காத மனிதர் என்று பெயர். ஆனால் பிரான்சுக்கு வருமுன் ஜேர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் பழகிய அந்த ஒரு கிளாஸ் மட்டும், சனிக்கிழமைகளில், அந்த ஓமுக்கு வெளியே நின்றுகொண்டது.

கோசலைக்குத் தெரியவந்தபோது கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு கிளாசுக்கு மேல் போகாத மனிதர், பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் உரித்துத் தருகிறவர். அவரிடம் என்ன கோபம்? அந்த வாசம் அவளுக்குப் பிடித்துப்போனது. ஆனால் சொன்ன சொல்லை எப்படித் திருப்பி எடுப்பது? தெரியும் என்று சொன்னால் அவர் வெட்கப்படுவார், சனிக்கிழமையை விட்டுவிடுவார். அதனால் அவர் கராம்பு மென்றார், அவள் மூக்கே இல்லாதவள் மாதிரி நின்றாள். சமையலறையில் கராம்புப் போத்தல் ஏன் இத்தனை வேகமாகக் குறைகிறது என்று கேட்காமல், ஃபொபூர் சேன்-தெனித் தெருக் கடையில் வாங்கி வாங்கி நிரப்பியும் வைத்தாள்.

போன கார்த்திகையில் குணரத்தினம் நித்திரையிலேயே போய்விட்டார். ஒரு அலுவலகக் கன்ரீனில் காலமெல்லாம் சமைத்து, ஓய்வு எடுத்துச் சில மாதங்கள்கூட ஆகவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவு நடந்தது. செத்தவருக்கு வாய்க்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைப்பது வழக்கம். குடிக்கிறவர் என்றால் குடியும் வைப்பார்கள், சுருட்டுக் குடித்தவர் என்றால் சுருட்டும் வைப்பார்கள். பிறகு எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்திக் காத்திருப்பார்கள். ஆட்கள் நின்றால் அவர் வந்து சாப்பிடக் கூச்சப்படுவார் என்பது நம்பிக்கை. மகன் லவன் நல்ல பிள்ளை, இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை. அப்பாவுக்குக் குறை வைக்கக்கூடாது என்று விலையுயர்ந்த விஸ்கிப் போத்தல் ஒன்றை வாங்கிவந்து, இலைக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் ஊற்றி வைத்தான். எங்கள் வீடுகளில் ஆம்பிளை செத்தால், குடிக்காதவர் என்றாலும், விஸ்கி. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கோசலை வாயைத் திறந்தாள். அறை முழுக்கச் சொந்தம். குடிக்காத மனிதர் என்று அவருக்கு இருந்த பெயரை இத்தனை பேருக்கு முன்னால் எப்படி உடைப்பாள்? வாயை மூடிக்கொண்டாள்.

சாத்திய கதவுக்கு வெளியே நின்றபோதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உள்ளே அவர் இப்போது விஸ்கியைப் பார்த்துக்கொண்டு, பழக்கமில்லாத வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் மாதிரி, தொடாமல், ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டுப் போய்விடுவார் என்று தோன்றியது. ஆண்டுத் திவசத்துக்குப் படைக்கும்போதாவது அவருடைய கிளாஸ் அவருக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று அவள் அப்போதே முடிவு செய்தாள். ஆனால் அது எந்தப் பியர், எந்த இடத்துப் பியர் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தது அவளுடைய மூக்குக்கு மட்டும்தான்.

பல மாதம் நெஞ்சுக்குள் வைத்திருந்துவிட்டு, கடைசியில் மேல்மாடி மரி-லூயிஸிடம் சொன்னாள். மரி-லூயிஸ் புதுச்சேரிக்காரி, பிரெஞ்சுத் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், பூசை முடிந்து ஒரு கிளாஸ் வைன் குடிப்பதையும் தவறவிடாதவள்.

"அட, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? வா, போய்க் குடிச்சுப் பாத்துடலாம்" என்றாள்.

"நானோ? பாருக்கோ? உங்களுக்கென்ன விசரே அக்கா?"

"ஆமா, எனக்குப் பைத்தியம்தான், உங்க பாஷையில விசர். ரெத்ரெத் வாங்கிட்டு, வேல இல்லாம ஊட்ல உக்காந்திருந்தா வேற இன்னா வரும்?"

"ஆரும் கண்டா?"

அதற்கு நாள் தானாகவே வந்தது. ஓகஸ்ட் கடைசியில் பிள்ளையார் தேர். லா ஷப்பேல் முழுக்க அன்று தெருவில்தான் நிற்கும். கற்பூரமும் உடைந்த தேங்காயும் தவிலுமாக இருக்கும். ஆண்டுத் திவசம் முடியாத வீடு என்பதால் கோசலை அந்த வருடம் தேருக்குப் போகக்கூடாது. அவளைத் தெரிந்த அத்தனை கண்ணும் தேரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு பெண்களும் எதிர்த்திசையில் நடந்து, மார்க்ஸ் தொர்முவா பக்கம் ஒரு பாருக்குள் நுழைந்தார்கள். கோசலை தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு போனாள். அது அவளை மறைத்ததைவிடக் காட்டிக்கொடுத்ததுதான் அதிகம்.

மரி-லூயிஸ் ஜேர்மன் பியர் கேட்டாள். பொன்னிறத்தில் ஒன்று வந்தது. கோசலை கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, காவாசிக்கு நுரை. ஏமாத்துறாங்கள்."

"அந்த நுரைதாம்மா அதுக்கு அழகு. வாசம் அதுலதான் நிக்கும். மோந்து பாரு."

மோந்தாள். பிறகு, வந்ததே வந்தோம் என்று, ஒரு வாய் குடித்தாள். "பாவக்காய் அவிச்ச தண்ணி" என்று முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது வாய்க்கு அது அவ்வளவு பாவக்காயாக இல்லை. மூன்றாவது வாய்க்கு வெளியே தூரத்தில் கேட்ட தவில் காலுக்குக் கீழே அடிப்பதுபோல் இருந்தது. வீடு திரும்பும்போது மெற்றோ பாலத்தின் மேல் ரயில் ஒன்று வெயிலைத் தோளில் போட்டுக்கொண்டு மிதந்து போனது. கோசலை நின்று அதைப் பார்த்தாள். வருடக்கணக்காக அதற்குக் கீழே நடந்தவள், அன்றைக்குத்தான் அதை அண்ணாந்து பார்த்தாள்.

அப்புறம் சனிக்கிழமைகள் வந்தன. பார்பெஸ் சந்தை கலையும் நேரத்தில் இரண்டு பேரும் கிளம்புவார்கள். சந்தைக்குப் போன மனிதர் சந்தைக்குப் பக்கத்தில்தான் குடித்திருப்பார் என்பது கோசலையின் கணக்கு. அந்தப் பக்கத்துத் தெருக்களில் ஒரு பாரையும் விடவில்லை. ஓரிடத்தில் கறுப்பு பியர் வந்தது, கோப்பித் தூளும் கருகிய பாணும் மணத்தது. இன்னோரிடத்தில் செம்பு நிறத்தில், சீனிப்பாணி மாதிரி இனித்த ஒன்று வந்தது. அதைக் குடித்த அன்று மரி-லூயிஸ் படியேறும்போது சாமிப் பாட்டுப் பாடினாள். கோசலை அவளுடைய வாயைப் பொத்திக்கொண்டே மேலே கொண்டுபோய் விட்டாள். பொத்திய கையும் சிரிப்பில் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

போகப்போகக் கோசலை பியரை மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பாரிலும் நுழைந்ததும் குணரத்தினத்தை அங்கே ஒரு மேசையில் இருத்திப் பார்ப்பாள். தொலைக்காட்சி கத்துகிற இடமென்றால், "இஞ்சை இருந்திருக்க மாட்டார்" என்பாள். குடித்து முடிக்குமுன் கிளாசை எடுக்க வருகிறார்களா? இருந்திருக்க மாட்டார். தனியாக வந்தவரை மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களா? இருந்திருக்க மாட்டார். ஜன்னலோரம் ஒரு மேசை, அதில் வெயில், யாரும் யாரையும் கேள்வி கேட்காத இடம் என்றால் மட்டும் அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வெயிலில் அவருடைய கை தெரியும், நகத்தில் மஞ்சள் கறையோடு. ஒரு வருடமாக வீட்டில் கிடைக்காத மனிதர், இப்படி அன்னியர்களுடைய மேசைகளில் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தார்.

ஒருநாள் கிட்டத்தட்டக் கண்டுபிடித்தேவிட்டாள். உயரமான கிளாசில் கலங்கலாக ஒரு கோதுமை பியர். முகத்தருகே கொண்டுபோனவள் மரி-லூயிஸின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இதுதான் அக்கா. இதுதான். கராம்பு!"

மரி-லூயிஸும் மோந்தாள். உண்மைதான், அந்தப் பியருக்குக் கராம்பு வாசம் இருந்தது. இரண்டு போத்தல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வெற்றி பெற்றவர்கள் மாதிரி நடந்தார்கள். பாலத்துக்குக் கீழே வந்தபோது கோசலை நின்றுவிட்டாள்.

"இல்லை அக்கா. கராம்பு பியரிலை இருந்து வரேல்லை. பியரை மறைக்க நான் வாங்கி வைச்ச கராம்பு அது. இதிலை புகை இல்லை."

"புகையா? பியருல ஏதுமா புகை?"

"இருந்தது. விறகுப் புகை."

பியரில் புகை உண்டு என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை என்று அவளுக்கே பட்டது. ஒருவேளை சந்தையில் சோளம் சுடுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தாரோ? அந்த வாசமே பாதி தான் கட்டிய கற்பனையோ? ஐப்பசி போய்க்கொண்டிருந்தது, திவசம் நெருங்கியது. அன்று இருவரும் மரி-லூயிஸின் ஜன்னலருகே இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். கோசலை அழுதாள். கிளாஸ் கிடைக்காததற்காக மட்டும் அழவில்லை. இத்தனை காலம் ஒரு வார்த்தை, "எங்கை போட்டு வாறியள்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் என்பதற்காக அழுதாள்.

மரி-லூயிஸ் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மூலையில திரும்புவாரு உன் புருஷன். தூரத்துலேயே கண்டுபிடிச்சிடுவேன், அந்தப் பச்சைப் பைய வெச்சு. ஸ்டாலின்கிராட் மெற்றோ பக்கத்துலேந்து வருவாரு, மெள்ளமா, கைய வீசிக்கிட்டு."

கோசலை கண்ணைத் துடைத்தாள். "எங்கையிருந்து?"

"ஸ்டாலின்கிராட். எப்பவும் அந்தப் பக்கத்துலேந்துதான், ஏன்?"

கோசலையின் வீட்டு ஜன்னல்கள் உள்முற்றத்தைப் பார்ப்பவை. தெரு அவளுக்குத் தெரிந்ததே இல்லை. சந்தை மேற்கே, ஸ்டாலின்கிராட் கிழக்கே. அந்த மனிதர் சந்தையில் காய்கறி வாங்கி, சொந்த வீட்டைத் தாண்டி, மனைவி இருக்கும் தெருவை மெதுவாகக் கடந்து, மறுபக்கம் போயிருக்கிறார். தெரிந்தவர் யாரும் வராத பக்கம் அது. இரண்டு பெண்களும் இத்தனை சனிக்கிழமையும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேடியிருக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை, ஸ்டாலின்கிராட் மெற்றோவைத் தாண்டி, கால்வாயை ஒட்டிப் போகும் ஒரு சின்னத் தெருவில், பெயர்ப்பலகையின் நிறம் உரிந்த ஒரு பாரைக் கண்டார்கள். உள்ளே தொலைக்காட்சி இல்லை. கால்வாய்த் தண்ணீரில் விழுந்த வெயில் கூரையில் அசைந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை, இரண்டு கதிரை. கோசலை நேராகப் போய் அதில் இருந்தாள்.

பாரின் சொந்தக்காரர் பெயர் பிராங்க். ஸ்ட்ராஸ்பூர்க்காரர், எல்லையைத் தாண்டினால் ஜேர்மனி. மரி-லூயிஸ், கொஞ்சம் வெட்கத்தோடுதான், புகை வாசமுள்ள ஜேர்மன் பியர் என்று ஒன்று உண்டா என்று கேட்டாள். அவர் வியப்படையவே இல்லை. முளைவிட்ட பார்லியை விறகுப் புகையில் காயவைத்துச் செய்வார்கள், ஜேர்மனியில் சில ஊர்களில் மட்டும்தான், இங்கே அதிகம் பேர் கேட்பதில்லை என்று சொல்லி, கருஞ்சிவப்பாய் ஒரு கிளாசைக் கொண்டுவந்து வைத்தார்.

கோசலை குடிக்கவில்லை. கிளாசை இரண்டு கையாலும் தூக்கி, நுரை மூக்கில் படும்படி முகத்தோடு சேர்த்துப் பிடித்தாள். சுட்ட பாண். விறகுப் புகை. அடியில் இனிப்பு. வாசல் நடை இருட்டாக இருந்தது, ஜாக்கெட் இன்னும் சூடாக இருந்தது. அவர் பின்னால் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கோசலை?" என்றாள் மரி-லூயிஸ்.

"ஓம் அக்கா. இதுதான்."

மரி-லூயிஸ் பிராங்க்கிடம் விசாரித்தாள்: சனிக்கிழமைகளில் வருகிற, பச்சைப் பை வைத்திருக்கிற, கராம்பு மெல்லுகிற ஒரு மனிதர். பிராங்க் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "மிஸியே குணா?" பிறகு ஜன்னலோரக் கதிரையில் இருந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியென்றால், வந்துவிட்டீர்கள்" என்றார். கோசலைக்கு வீட்டுப் பிரெஞ்சு, கடைப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும். ஆனாலும் இது விளங்கியது. ஏன் சொன்னார் என்பதுதான் விளங்கவில்லை.

மரி-லூயிஸ் கேட்டுக் கேட்டு அவளுக்குச் சொன்னாள். "எப்பவும் இந்த மேசைதானாம். பை ஒரு நாற்காலியில, அவரு ஒண்ணுல. கூட்டமான நாள்ல யாராவது வந்து நாற்காலி ஃப்ரீயான்னு கேப்பாங்களாம். இல்லைங்க, என் பெண்டாட்டி வந்துகிட்டிருக்கான்னு சொல்லுவாராம். முதல்ல இவரும் நெசம்னுதான் நெனைச்சாராம். வருஷக்கணக்கா இதேதான். அப்புறம் அது இங்க எல்லாருக்கும் பழகிப்போன விளையாட்டாயிடுச்சாம். மதாம் இன்னும் வரலியான்னு கேட்டா, மெற்றோ லேட்டுன்னு சொல்லுவாராம்."

வீட்டிலிருந்து அங்கே மெற்றோவில் ஒரே ஒரு தரிப்பிடத் தூரம்.

கோசலை முதலில் சிரித்தாள். "பாருங்கோ அக்கா, கத்தரிக்காய்ப் பைக்குக் கதிரை பிடிக்க என்ரை பேரை வித்திருக்கிறார்" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கண்ணீர் எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. பிராங்க் காகிதத் துவாய் கொண்டுவந்து வைத்துவிட்டு நாகரிகமாக விலகிப் போனார். அவரிடம் குணரத்தினம் செத்துப்போன செய்தியை மரி-லூயிஸ்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, ஒருக்கா அவர் என்னைக் கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பனோ?"

மரி-லூயிஸ் பொய் சொல்லத் தெரியாதவள். "வந்திருக்க மாட்டே" என்றாள்.

"ஓம். வந்திருக்க மாட்டன்."

அதைச் சொன்ன பிறகு கோசலைக்கு ஏதோ லேசானது. எதிரே இருந்த கதிரையைப் பார்த்துக்கொண்டு அந்த ஒரு கிளாசை மெதுவாக, கடைசிவரை குடித்தாள். கூரையில் தண்ணீர் வெளிச்சம் ஆடியது. நல்ல இடமாகத்தான் பிடித்திருக்கிறார் என்று நினைத்தாள். புறப்படும்போது அதே பியரில் போத்தல்கள் வாங்கிக்கொண்டாள். ஃபொபூர் சேன்-தெனி வழியாக, கடைக்காரர் எல்லோரும் பார்க்க, அவற்றைப் பச்சைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தாள். சால்வை தோளில்தான் கிடந்தது.

ஆண்டுத் திவசத்தில் ஐயர் வந்து கிரியை முடித்துப் போன பிறகு, மத்தியானம் படையல். ஆட்டிறைச்சிக் கறி, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி. லவன் இந்த முறையும் விஸ்கிப் போத்தலோடு வந்தான். கோசலை அதை வாங்கி அலுமாரிக்குள் வைத்தாள்.

"இதைப் பிறகு நீங்கள் குடியுங்கோ. அப்பா இது குடிக்கிறேல்லை."

லவன் பிரெஞ்சில், அப்பாதான் எதுவுமே குடிப்பதில்லையே என்றான். பதிலுக்கு அவள் போத்தலைத் திறந்தாள். கிளாசைச் சரித்துப் பிடித்து, கடைசியில் நிமிர்த்தி, நுரை ஒரு விரல் உயரத்துக்கு நிற்கும்படி ஊற்றினாள். படத்துக்கு முன்னால் இலையருகே வைத்தாள். வாசம் அறைக்குள் எழுந்தது. லவன் மூக்கை உறிஞ்சினான், சின்ன வயதில் எங்கோ கேட்ட ஒரு குரலைத் திரும்பக் கேட்டவன் மாதிரி நின்றான். "சனிக்கிழமை" என்றான், தமிழில். கோசலை தலையாட்டினாள். பிறகு இரண்டாவது கிளாசையும் ஊற்றினாள்.

வழக்கப்படி எல்லோரும் வெளியே போனார்கள். கோசலை மட்டும் நகரவில்லை. குணரத்தினத்துக்குப் பெரியம்மா முறையான ஒருத்தர் வாசலில் நின்று, "பிள்ளை, நீயும் வா. ஆக்கள் நிண்டா அவன் வரமாட்டான்" என்றார்.

"வருவார் மாமி. நீங்கள் வெளியிலை இருங்கோ" என்று சொல்லிவிட்டு, கோசலை கதவை உள்ளிருந்து சாத்தினாள்.

ஒரு கதிரையை இழுத்துப் படத்துக்கு எதிரே போட்டாள். இருந்தாள். தன் கிளாசை எடுத்து அவருடைய கிளாசில் மெல்லத் தட்டினாள்.

"மெற்றோ பிந்திப்போச்சு" என்றாள்.